எத்தனை போர் விமானங்கள் வேண்டும்? 114-ஆ, 42 ஸ்குவாட்ரனா?

28 செப்டம்பர் 2025 – கேள்வி

மிக்-21 நேற்று முன்தினம் சண்டிகரில் விடைபெற்றுவிட்டது. 1963-இல் வந்த விமானம். இப்போது நம் விமானப்படையிடம் இருப்பது 29 ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு). அனுமதிக்கப்பட்டது 42. இரண்டு எல்லையிலும் பகையை வைத்துக்கொண்டு இன்னும் கோப்பு நகர்த்திக்கொண்டிருக்கிறோம். விமானப்படை கேட்கும் 114 பிரெஞ்சு ரஃபேல் விமானங்களையும் ஒரே கையெழுத்தில் வாங்கிவிட வேண்டும். முடிந்தால் 200. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

28 செப்டம்பர், இரவு

எனக்கு இருக்கிறது.

29 என்ற எண்ணைப் பார்த்துப் பதறுவது நியாயம்தான். எனக்கும் அந்தப் பதற்றம் உண்டு. ஆனால் எத்தனை விமானம் வாங்கலாம் என்று பேசத் தொடங்குமுன், நாளைக் காலை எத்தனை விமானம் மேலே ஏறும் என்று கேட்க வேண்டும். நான் விமானப்படையில் தரைப்பணித் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக நிற்கும் விமானங்களைப் பார்த்து விருந்தினர்கள் வியப்பார்கள். எங்கள் கண் அந்த வரிசையில் எது பறக்காது என்பதைத்தான் முதலில் தேடும்.

29 செப்டம்பர்

"ஓய்வு பெற்றவர்கள் எப்போதும் இப்படித்தான் பேசுவார்கள், கணக்கைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

ஒரு ஸ்குவாட்ரனுக்குப் பொதுவாக 18 விமானம் என்று வைத்துக்கொள்வோம். 42 ஸ்குவாட்ரன் என்றால் 756. 29 என்றால் 522. பற்றாக்குறை 234.

இப்போது சுகோய்-30 எம்.கே.ஐ.யைப் பாருங்கள். 272 வாங்கினோம். இன்றும் 260 அளவில் கையில் இருக்கும் நம் படையின் முதுகெலும்பு அதுதான். 2015-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை அந்த விமானங்களில் 55 முதல் 60 விழுக்காடுதான் பறக்கத் தயாராக இருந்ததாகச் சொன்னது. இருக்க வேண்டிய அளவு 75. அந்த நிலையே இன்றும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 260-இல் 55 விழுக்காடு 143. 75 விழுக்காடு 195. இடையில் இருக்கும் 52 விமானம் கிட்டத்தட்ட மூன்று ஸ்குவாட்ரன். ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய, விமானியும் கொட்டகையும் உள்ள மூன்று ஸ்குவாட்ரன். இதை மீட்க வெளிநாட்டோடு புதிய விமான ஒப்பந்தம் எதுவும் போட வேண்டாம்; உதிரிபாகமும், பழுது பார்க்கும் ஆலையில் வேகமும் இருந்தால் போதும்.

36 ரஃபேல் வாங்க 2016-இல் கொடுத்தது 787 கோடி யூரோ. அதில் கிடைத்தது இரண்டு ஸ்குவாட்ரன்.

29 செப்டம்பர், சற்றுக் கழித்து

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த 787 கோடியில் விமானம் மட்டும் இல்லை. ஆயுதங்கள், நம் தேவைக்கான மாற்றங்கள், உதிரிபாகங்கள் எல்லாம் அடக்கம். முக்கியமாக, எப்போது பார்த்தாலும் 75 விழுக்காடு விமானங்கள் தயாராக இருக்க வேண்டும் என்ற பராமரிப்பு உறுதியும் அதில் இருக்கிறது. விலை அதிகம் என்று அன்று கூச்சல் போட்டவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்கவே இல்லை. எனக்குப் பிடித்த வரி அதுதான்.

1 அக்டோபர்

உதிரிபாகம் என்றால் கடையில் போய் வாங்கும் பொருள்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கல்லூரி மாணவர் தம்பி ஒருவர் கேட்கிறார். தம்பி, ஒரே ஒரு வேலையைச் சொல்கிறேன்.

அதிகாலையில் ஒரு விமானத்தில் ஹைட்ராலிக் பம்ப் பழுது. கிடங்கில் மாற்றுப் பம்ப் இல்லை. வர எத்தனை மாதம் ஆகும் என்றும் சொல்ல முடியாது. அன்று அந்த விமானம் பறந்தாக வேண்டும். என்ன செய்வார்கள்? கொட்டகையில் வேறு காரணத்துக்காக நிற்கும் இன்னொரு விமானத்தில் இருந்து பம்பைக் கழற்றுவார்கள். கேட்க எளிது. அந்தப் பம்புக்குக் கை போக, முதலில் நான்கு மூடித் தகடுகளைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு திருகும் நழுவாமல் இருக்கச் சுற்றியிருக்கும் லாக் வயரை வெட்ட வேண்டும். எண்ணெயை வடிக்க வேண்டும். இணைப்புக் குழாய்களின் வாயைத் தூசு போகாமல் மூட வேண்டும். வெட்டிய கம்பித் துண்டு ஒன்றுகூட உள்ளே விழக் கூடாது. விழுந்தால் அது கிடைக்கும்வரை அந்த விமானம் நகராது. பிறகு பம்பை இங்கே பொருத்தி, புது லாக் வயர் முறுக்கி, கசிவு பார்த்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, இரண்டு விமானங்களின் பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதுப் பம்ப் கிடங்குக்கு வந்த பிறகு கொட்டகை விமானத்துக்கும் இதே வேலை. ஒரு பழுதுக்கு இரண்டு மடங்கு உழைப்பு. இதற்கிடையில் நிற்கும் விமானத்தில் இருந்து இன்னும் இரண்டு பொருள் போயிருக்கும். அது மெல்ல வெறும் கூடாகிவிடும்.

கணக்கில் அதுவும் ஒரு விமானம். நாடாளுமன்றத்தில் சொல்லும் எண்ணிக்கையில் அது இருக்கும்.

குளிர்கால விடியலில், கை மரத்துப்போக, டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தக் கம்பியை முறுக்கிய பையன்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் யாரும் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

2 அக்டோபர்

பழைய விமானங்களுக்குத்தான் இந்தக் கதை, புது விமானம் பழுதாகாது என்கிறார் ஒருவர். அமெரிக்காவின் எஃப்-35 உலகிலேயே புதிய, விலை உயர்ந்த விமானங்களில் ஒன்று. 2023-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது அதில் பணிக்குத் தயாராக இருந்தவை ஏறக்குறைய 55 விழுக்காடு. பழுது பார்க்கும் நிலையங்கள் சரியாக அமையவில்லை, உதிரிபாகம் போதவில்லை என்பவை அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் சில. நம் சுகோய்க்குச் சொன்ன காரணங்களேதான்.

4 அக்டோபர்

எஃப்-22 பற்றி மதுரை நண்பர் கேட்டது நல்ல கேள்வி. "187 விமானத்தோடு அமெரிக்கா நிறுத்திக்கொண்டதே, அதனால் என்ன குடிமுழுகிப் போனது?" என்கிறார்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், நமக்கு நேரடியாகப் பயன்படும். தொடக்கத் திட்டம் 750. சோவியத் ஒன்றியம் இருந்த காலத்துக் கணக்கு அது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ஒரு கட்டத்தில் விமானப்படை 381 கேட்டது. 2009 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 187-இல் நிறுத்துவோம் என்றார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே இந்த விமானத்துக்கு வேலையே இல்லை என்பது அவர் வாதம். அந்த ஜூலையில் செனட் 58-க்கு 40 என்ற வாக்கில் அவர் பக்கம் நின்றது. 2011 டிசம்பரில் கடைசி விமானம் ஆலையை விட்டு வெளியே வந்தது.

அன்றைய போருக்கு கேட்ஸ் சொன்னது பொருந்தும். ஆனால் 187 என்பது முழு எண்ணிக்கை. விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானங்கள், சோதனைக்கு உள்ளவை, பெரிய சர்வீசிங்கில் பிரித்துக் கிடப்பவை ஆகியவற்றைக் கழித்த பிறகுதான் போருக்கு மிஞ்சும். 2018-இல் மைக்கேல் புயல் ஃபுளோரிடாவில் டிண்டால் தளத்தைத் தாக்கியபோது, பறக்க முடிந்த எஃப்-22 எல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்டன. பறக்கும் நிலையில் இல்லாதவை கொட்டகையிலேயே சிக்கிக்கொண்டன. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒவ்வொன்றும் பெரிய இழப்பு.

இதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. காலம் மாறிவிட்டது, மறுபடியும் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். 2017-இல் விமானப்படை பதில் கொடுத்தது: 194 விமானம், சுமார் 5,000 கோடி டாலர். உற்பத்தி வரிசையை மறுபடி எழுப்பவே அதில் ஏறக்குறைய ஆயிரம் கோடி டாலர் போகும். கேட்டவர்கள் அப்படியே கோப்பை மூடிவிட்டார்கள்.

750 சரியா, 381 சரியா, 187 சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். என் பார்வையில் அவர்கள் இழந்தது எண்ணிக்கையை மட்டும் இல்லை. தேவைப்பட்டால் ஆண்டுக்குப் பத்தாவது கட்டிக்கொள்ளலாம் என்ற வசதியையே இழந்தார்கள்.

4 அக்டோபர்

இல்லை, நான் கேட்ஸை வில்லனாக்கவில்லை. கையில் போர் இருந்தபோது அவர் போரிடும் சிப்பாய்க்கு வேண்டியதை வாங்கினார்.

7 அக்டோபர்

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "பராமரிப்பு சரியாக இருந்தால் எண்ணிக்கை தேவையில்லை" என்று நான் சொல்வதாகச் சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதை இப்போதே தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் அது ஆபத்தான முடிவு.

எண்ணிக்கை தேவை. நம் நாட்டின் நீளத்தைப் பாருங்கள். மேற்கே ஜோத்பூரில் நிற்கும் விமானம் அதே நேரத்தில் கிழக்கே அசாமின் தேஜ்பூரில் நிற்காது. தஞ்சாவூரில் பிரமோஸ் ஏவுகணை ஏந்தும் சுகோய் ஸ்குவாட்ரனை 2020-இல் நிறுத்தினார்கள். இந்தியப் பெருங்கடலைப் பார்த்துக்கொள்ள அது அங்கே இருந்தாக வேண்டும். வடக்கே சண்டை வந்தது என்று அதைத் தூக்கிப் போனால் தெற்கு திறந்து கிடக்கும். 42 என்ற எண்ணே இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் போர் வந்தால் என்ற கணக்கில்தான் நிற்கிறது. போரில் விமானங்கள் விழும். விழுந்ததை நிரப்ப முடியாதவன் மூன்றாவது நாளில் இருந்து தயங்கித் தயங்கித்தான் சண்டை போடுவான். எவ்வளவு நவீன விமானமாக இருந்தாலும் ஒன்று ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும்.

ஆகவே பற்றாக்குறை உண்மை. அதை எந்த வேகத்தில், எந்த வரிசையில் நிரப்புவது என்பதில்தான் கேள்வி கேட்டவரோடு எனக்கு வேறுபாடு.

8 அக்டோபர்

வேகத்தைப் பற்றிச் சொன்னேன், அதற்கும் கணக்குப் போட்டுவிடுகிறேன்.

இன்றைய 29-இல் சுகோய் 13, ஜாகுவார் 6, மிக்-29 3, மிராஜ் 3, ரஃபேல் 2, நாமே கட்டும் தேஜஸ் 2. இதில் ஜாகுவார், மிக்-29, மிராஜ் மூன்றும் அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் போய்விடும். ஜாகுவாரை ஓட்ட பிரான்சும் ஓமனும் ஓய்வு கொடுத்த விமானங்களை வாங்கி வந்து உதிரிபாகம் எடுத்தோம் என்றால் அதன் நிலையைப் புரிந்துகொள்ளலாம். ஆக 12 ஸ்குவாட்ரன் கழியும். ஏற்கெனவே குறை 13. மொத்தம் 25 ஸ்குவாட்ரன், 450 விமானம். பதினைந்து ஆண்டில் என்றால் ஆண்டுக்கு 30. விபத்தில் போகும் விமானங்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 35 முதல் 40 வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்ன எண் இந்தக் கணக்கோடு ஒத்துப் போகிறது.

இனி யாராவது 114, 200 என்று சொன்னால் அடுத்த கேள்வி "ஆண்டுக்கு எத்தனை?" என்பதாக இருக்கட்டும். 126 விமானத்துக்கு 2007 ஆகஸ்டில் டெண்டர் விட்டோம். ஆறு நிறுவனங்கள் வந்தன. 2012 ஜனவரியில் ரஃபேல் தேர்வானது. 2015-இல் அந்தத் திட்டத்தை விட்டுவிட்டு 36 என்றோம். கடைசி விமானம் 2022 டிசம்பரில் வந்தது. பதினைந்து ஆண்டு, 36 விமானம். பெரிய எண்ணைக் கேட்டு வாசலிலேயே காத்துக்கிடந்ததற்கு நாம் கொடுத்த விலை இது.

10 அக்டோபர்

விமானிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். விமானி ஒருவரின் தாயார் கேட்டுவிட்டார். வணக்கம் அம்மா.

ஒவ்வொரு இருக்கைக்கும் 1.25 விமானி வேண்டும் என்பது நம் படையின் அளவீடு. பத்தாண்டுக்கு முன் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு அந்த இடத்தில் 0.81 தான் இருக்கிறது என்று சுட்டிக்காட்டியது. இரவும் பகலும் போர் நடந்தால் விமானம் எண்ணெய் நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடும். மனிதன் உறங்க வேண்டும். 1940 கோடையில் பிரிட்டன் மீது ஜெர்மனி குண்டு வீசியபோது பிரிட்டனின் ஆலைகள் ஸ்பிட்ஃபயரையும் ஹரிகேனையும் இழப்பை ஈடுசெய்யும் அளவுக்குக் கட்டித் தந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள்தான் தீர்ந்துகொண்டே போனார்கள். கடைசியில் போதிய பயிற்சி முடியாத இளைஞர்களை மேலே அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களில் பலர் முதல் சில பறப்புகளிலேயே இறந்தார்கள்.

ஒரு போர் விமானி உருவாக ஆண்டுகள் ஆகும். அடிப்படைப் பயிற்சி விமானம், அடுத்த நிலை, பிறகு பீதரில் ஹாக் பயிற்சி விமானம், அதன்பின் ஸ்குவாட்ரனில் சேர்ந்து முழுத் தகுதி பெறுவது. 114 விமானத்துக்கு இன்று கையெழுத்துப் போட்டால், அவற்றை ஓட்டப் போகிற பலர் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கான பயிற்சி இருக்கைகள் எத்தனை என்று முதலில் பாருங்கள்.

10 அக்டோபர்

அம்மா, உங்கள் மகன் நலமாகப் பறக்கட்டும்.

13 அக்டோபர்

கோவையில் இருந்து ஒருவர் தேஜஸை மட்டும் வாங்கினால் போதும், வெளிநாட்டு விமானமே வேண்டாம் என்று நீளமாக எழுதியிருக்கிறார். சூலூரில் தேஜஸின் முதல் இரண்டு ஸ்குவாட்ரன்களும் வளர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு அந்தப் பெருமை இருக்கும். எனக்கும் உண்டு. பெருமையோடு நேர்மையாகவும் பேசுவோம்.

2021 பிப்ரவரியில் தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க்-1ஏ 83-க்கு ஆர்டர். அதற்கான 99 எஞ்சின்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்டர். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். அதற்குள் முதல் விமானம் படையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எஞ்சின் கட்டும் நிறுவனம் சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த வகை எஞ்சினின் உற்பத்தி வரிசையே இடையில் நின்றுபோயிருந்தது. மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. மேலே எஃப்-22 பற்றி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

இந்த இடத்தில் என் மைத்துனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சிறிய லேத் பட்டறை வைத்திருந்தார். விமானத்துக்குப் போகும் சிறு பாகங்களை ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கடைந்து கொடுத்தார். மைக்ரான் கணக்கில் பிசகக் கூடாத வேலை. அந்தத் தரத்துக்குக் கை பழகிய ஆட்கள் அவரிடம் மூன்று பேர். ஆர்டர் வந்தபோது இரவு பகல் பாராமல் ஓடியது. முடிந்ததும் அடுத்த ஆர்டர் "பரிசீலனையில்" என்றார்கள். அந்தப் பரிசீலனை நீண்டுகொண்டே போனது. மூவரில் ஒருவர் வெளிநாடு போனார், ஒருவர் மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் போனார். மூன்றாமவர் தொழிலையே விட்டுவிட்டார். மறுபடி ஆர்டர் வந்தபோது இயந்திரம் இருந்தது, கடையக் கை இல்லை. புதியவர்களைப் பழக்க, முதலில் வந்த பாகங்களில் பாதி நிராகரிக்கப்பட்டன.

83-க்கு ஆர்டர், பிறகு நான்கு ஆண்டு யோசனை, பிறகு 97-க்கு ஆர்டர். கடந்த மாதம் 25-ஆம் தேதி அந்த 97-க்கு 62,370 கோடி ரூபாயில் கையெழுத்தானபோது எனக்கு வந்த மகிழ்ச்சி விமானத்தைப் பற்றியது மட்டும் இல்லை. நாட்டில் எத்தனையோ பட்டறைகளில் இனி யாரும் வேலையை விட்டுப் போக வேண்டியதில்லை.

15 அக்டோபர்

ஆயுதம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 2011-இல் லிபியா மீது குண்டு வீசிய ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்குச் சில வாரங்களிலேயே துல்லியக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. லிபியா சிறிய நாடு, எதிர்ப்பும் குறைவு. விமானம் வாங்கும்போதே அது முதல் மாதத்தில் வீசப் போகும் ஏவுகணைக்கும் பணம் ஒதுக்காத ஒப்பந்தத்தை நான் ஒப்பந்தமாகவே மதிக்க மாட்டேன்.

17 அக்டோபர்

நாசிக்கில் இன்று தேஜஸின் மூன்றாவது உற்பத்தி வரிசை திறந்தார்கள், அங்கே கட்டிய முதல் மார்க்-1ஏ பறந்தது. பெங்களூரில் ஆண்டுக்கு 16, நாசிக்கில் 8, ஆக 24. முழு வேகம் பிடித்தால். எஞ்சின் வந்தால்.

19 அக்டோபர்

வங்கியில் பணியாற்றும் அம்மையார் எழுதியது இந்த விவாதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு. "இவ்வளவு கோடியில் எத்தனை மருத்துவமனை கட்டலாம் என்று கேட்டால் தேசத்துரோகி என்கிறீர்கள். எங்களுக்குக் கேட்க உரிமை இல்லையா?"

முழு உரிமை உண்டு. உங்களைத் திட்டியவர்கள் என் பெயரால் பேச வேண்டாம்.

சுவிட்சர்லாந்தில் இதை மக்களிடமே கேட்டார்கள். 2014-இல் 22 கிரிபன் போர் விமானங்கள் வாங்கலாமா என்று வாக்கெடுப்பு. மக்கள் வேண்டாம் என்றார்கள். அரசு வாங்கவில்லை. 2020-இல் 600 கோடி பிராங்குக்குள் புதிய போர் விமானங்கள் வாங்கலாமா என்று மறுபடி கேட்டார்கள். ஒன்பதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் சரி என்றார்கள். எந்த விமானம், எத்தனை என்று அதன் பிறகுதான் முடிவானது: 36 எஃப்-35.

பின்லாந்து இன்னொரு விதம். 140 கோடிக்கும் மேல் மக்கள் உள்ள நமக்கு அதைப் பார்த்து என்ன என்று கேட்காதீர்கள். 1,300 கிலோமீட்டர் எல்லையை ரஷ்யாவோடு பகிர்ந்துகொள்ளும் நாடு அது. ஏறக்குறைய 1,000 கோடி யூரோ உச்சவரம்பு, அதற்குள் விமானம், ஏவுகணை, பயிற்சி, பராமரிப்பு எல்லாவற்றையும் அடக்கி யார் எவ்வளவு வலு தருவீர்கள் என்று விற்பவர்களைக் கேட்டார்கள். 64 பழைய ஹார்னெட் வாங்கியிருந்த இடத்தில் 64 எஃப்-35. எண்ணைக் குறைக்கவும் இல்லை, ஆயுதப் பணத்தை வெட்டி எண்ணைக் கூட்டவும் இல்லை.

அம்மா, மருத்துவமனையா விமானமா என்ற கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது. ஆனால் பறக்காத விமானத்துக்குக் கொடுத்த பணம் இரண்டு பக்கமும் திருட்டுப் போன பணம். மருத்துவமனைக்கும் போகவில்லை, எல்லைக்கும் போகவில்லை. அந்தக் கோபத்தில் நானும் நீங்களும் ஒரே கட்சி.

23 அக்டோபர்

கொட்டகை பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று பழைய பணித்தோழர் ஒருவர் கேட்டார். நியாயம் அண்ணா, எழுதியிருக்க வேண்டும்.

1967 ஜூன் 5 காலை இஸ்ரேல் தாக்கியது. எகிப்தின் விமானப்படை எண்ணிக்கையில் பெரியது. சில மணி நேரத்தில் ஏறக்குறைய 300 விமானம் போயிற்று. பெரும்பாலானவை ஓடுபாதையில் வெட்டவெளியில் நின்றபடியே எரிந்தன. நமக்கே 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் தாக்கியபோது பதான்கோட்டிலும் கலைகுண்டாவிலும் அந்த அனுபவம் உண்டு. அதன் பிறகுதான் உலகம் முழுவதும் கான்கிரீட் கூரை போட்ட கொட்டகைகள் எழுந்தன. இந்த ஆண்டு ஜூனில் உக்ரைன் லாரிகளில் ஒளித்து வைத்த 117 டிரோன்களை ரஷ்யாவுக்குள்ளேயே கிளப்பி, தளத்தில் நின்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களை எரித்ததைப் பார்த்தோம். ஒரு டிரோனின் விலையையும் எரிந்ததன் விலையையும் ஒப்பிடவே முடியாது.

ஒரு விமானத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி கொடுத்துவிட்டு, அதன் தலைக்கு மேல் கூரை போட நிதி ஆண்டுக் கணக்கு பார்ப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவதுதான்.

27 அக்டோபர்

ரேடாருக்கு எளிதில் சிக்காத ஐந்தாம் தலைமுறை விமானம் இரண்டு ஸ்குவாட்ரன் அவசரத்துக்கு வாங்கலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மிக்-21 போன பிறகும் நம்மிடம் ஆறு வகைப் போர் விமானம்: சுகோய், ரஃபேல், மிராஜ், மிக்-29, ஜாகுவார், தேஜஸ். ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனிச் சிமுலேட்டர், தனிக் கிடங்கு, தனியாகப் பழகிய கைகள். ஒரு வகையில் தேர்ந்த தொழிலாளியை இன்னொரு வகைக்கு மாற்றினால் அவர் மறுபடியும் மாணவர். இதில் ஏழாவது வகையை 36 எண்ணிக்கையில் கொண்டு வந்தால் அந்தச் சுமை முழுவதும் தரைப்பணியாளர் தோளில் விழும். சீனாவின் அந்த வகை விமானமான ஜே-20, 2017-இலேயே சேவைக்கு வந்துவிட்டது, அந்த அச்சம் எனக்கும் புரிகிறது. ஆனால் நாமே ஐந்தாம் தலைமுறை விமானம் உருவாக்கும் ஆம்கா திட்டத்துக்குப் போக வேண்டிய பொறியாளரையும் பணத்தையும் பிடுங்காத வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

30 அக்டோபர்

"எல்லாம் சொன்னீர்கள், எண்ணை மட்டும் சொல்லவில்லை" என்று கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார். சொல்கிறேன்.

முதல் பணம் சுகோய்க்கு. அந்த மூன்று ஸ்குவாட்ரனை மீட்கும்வரை அதன் உதிரிபாக ஒதுக்கீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

தேஜஸ் ஆண்டுக்கு 24, நிற்காமல். 83-உம் 97-உம் சேர்ந்த 180 முடியும் முன்பே அடுத்த வகைக்கான ஆர்டர் கையில் இருக்க வேண்டும்.

ரஃபேல் 114 வரை போகலாம். ஆம், 114-ஐ நான் எதிர்க்கவில்லை. ஒரே மூச்சில் வேண்டாம் என்கிறேன். முதலில் 36, ஏனென்றால் அம்பாலாவிலும் ஹாஷிமாராவிலும் அதற்கான கட்டமைப்பு இருக்கிறது, பழகிய ஆட்கள் இருக்கிறார்கள், அதே 75 விழுக்காட்டு உறுதியைக் கேட்கலாம். மீதி உள்நாட்டில் கட்டுவதாக இருந்தால் ஆண்டுக்கு 12. 24-உம் 12-உம் 36. தளபதி கேட்ட 35-க்கும் 40-க்கும் நடுவில் வந்து நிற்கிறது. முந்தைய தொகுதி சொன்ன அளவுக்குப் பறக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தொகுதிக்குக் கையெழுத்து. சிங்கப்பூர் எஃப்-35-ஐ அப்படித்தான் வாங்குகிறது: முதலில் 4, பிறகு 8, பிறகு வேறு வகையில் 8. பணக்கார நாடு, ஒரே நாளில் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

31 அக்டோபர்

"அடுத்த ஆட்சி வந்து அடுத்த தொகுதியை நிறுத்திவிட்டால்?" நல்ல எதிர்வாதம், நேற்று இரவு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தொகுதியாக வாங்கினால் நிறுத்துவதும் சுலபம். அதனால் விலையையும் ஆண்டு எண்ணிக்கையையும் முதல் ஒப்பந்தத்திலேயே கட்டிப்போட்டு, தரம் குறைந்தால் மட்டும் நிறுத்தலாம் என்ற விதி வேண்டும். நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஓர் எண் போக வேண்டும்: வாங்கியது எத்தனை என்பதல்ல, பறக்கத் தயாராக இருந்தது எத்தனை. ரகசியம் கெடாமல் விழுக்காட்டைச் சொல்லலாம். சிஏஜி ஏற்கெனவே சொன்னதுதானே.

8 நவம்பர்

நேற்று 113 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. 97 தேஜசுக்கானவை. 2027-இல் தொடங்கி 2032-க்குள் வந்து சேர வேண்டும். விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டு ஆறு வாரத்தில் எஞ்சினுக்கும் போட்டுவிட்டார்கள். முதல் 83-க்கு ஆறு மாதம் ஆனது.

மைத்துனரிடம் போனில் சொன்னேன். பட்டறையை அவர் மூடி நாளாகிறது. மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் போன அந்தப் பையனின் எண் இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன் என்றார்.